கோழிப்பண்ணை வருகிறது: எங்கள் இரவை அளப்பது யார்?

2024ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கிழமை அது. வவுனியா மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில், முன்பள்ளிக் கட்டடத்தில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டம் நடந்தது. நிலத்தில் பாயை விரித்து, அதன் மேல் ஒரு பெரிய வரைபடத்தைப் பரப்பி வைத்திருந்தார்கள். குளக்கட்டுக்குத் தென்மேற்கே உள்ள ஐந்து ஏக்கர் மேட்டுக்காணியில் புறொய்லர் கோழிப்பண்ணை ஒன்று வரப்போகிறது. மூடிய கூடங்கள் இரண்டு. ஊர்ப் பெண்கள் பதினான்கு பேருக்கு மாதச் சம்பளத்துடன் வேலை. வேலை என்ற சொல் காதில் விழுந்ததுமே பின்வரிசையில் இருந்தவர்களும் எழும்பி முன்னுக்கு வந்து விட்டார்கள். கணவனை இழந்தவர்களும், கணவன் இருந்தும் இல்லாதவர்களுமாகக் குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்கள் அந்த ஊரில் அதிகம். ஆகவே அந்த ஆவலில் வியப்பதற்கு எதுவும் இல்லை.

கேள்விகள் கேட்கப்பட்டன. மணம் வருமா, இலையான் பெருகுமா, கழிவை எங்கே கொட்டுவார்கள், கிணற்றுத் தண்ணீர் பழுதாகுமா என்றெல்லாம் கேட்டார்கள். பண்ணை சார்பில் வந்திருந்த தம்பி எல்லாவற்றுக்கும் பொறுமையாகவே பதில் சொன்னார். கூட்டம் கலையும் நேரத்தில், சுவரோடு சாய்ந்திருந்த ஒரு வயதான அம்மா என்னைக் கையால் கூப்பிட்டார்.

"பிள்ளை, மணத்தை விடு. இரவில நித்திரை கொள்ளலாமோ? அதைக் கேட்டுச் சொல்லு."

நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது ஒரு பெரிய கேள்வியாகத் தோன்றவில்லை. கோழிதானே, கொஞ்சம் கொக்கரிக்கும் என்றுதான் எண்ணினேன். சமூகவியல் படித்துப் பட்டம் வாங்கி, பத்து வருடத்துக்கு மேலாகக் கிராமங்களில் வேலை செய்பவள் நான். சத்தம் என்பது பொறியியலாளருடைய விடயம் என்று இருந்து விட்டேன். அந்த அம்மாவின் கேள்வியால் நான் கற்றுக்கொள்ள நேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊருக்கும் நாளை ஒரு பண்ணையோ, அரிசி ஆலையோ, கல் உடைக்கும் இயந்திரமோ வரலாம்.

முக்கால் பக்கத்தில் முடிந்த இரவு

பண்ணைக்கான விண்ணப்பத்தோடு ஓர் அறிக்கை இணைக்கப்பட்டிருந்தது. பிரதேச செயலகத்தில் கேட்டு அதன் பிரதியைப் பெற்றோம். கழிவுநீர் பற்றிப் பதினொரு பக்கம் எழுதியிருந்தார்கள். சத்தத்துக்கு முக்கால் பக்கம்தான். அதைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்து, இப்போது அங்கே சுற்றாடல் விடயங்களைக் கற்பிக்கும் ஒரு தோழியிடம் கொண்டு போய்க் காட்டினேன். வாசித்து முடித்து விட்டு அவள் கேட்ட முதற் கேள்வி, "இதை எத்தனை மணிக்கு அளந்தவை?"

காலை பத்தரை மணிக்கு, மார்கழி மாதத்தில், றோட்டோரத்தில், பதினைந்து நிமிடம் அளந்திருந்தார்கள். கிடைத்த அளவு 51 டெசிபல். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் உழவு இயந்திரம் ஒன்று போயிருக்க வேண்டும் என்று தோழி சிரித்தாள். பண்ணையிலிருந்து அருகிலுள்ள வீட்டுக்கு 240 மீற்றர், அங்கே கேட்கப்போகும் சத்தம் 37 டெசிபல், ஊரில் ஏற்கெனவே 51 இருக்கிறது, ஆகவே பாதிப்பு இல்லை. இதுதான் அறிக்கையின் முடிவு. படித்தவர்கள் எழுதியது, எண்களும் இருக்கின்றன. யார் எதிர்த்துக் கேட்பது?

தோழி ஒரு கொப்பித் தாளில் எனக்கு விளங்கப்படுத்தியதை முடிந்தளவு எளிமையாகச் சொல்கிறேன். டெசிபல் கணக்கு நாங்கள் அரிசி நிறுக்கும் கணக்குப் போன்றதல்ல. ஒரே மாதிரியான இரண்டு இயந்திரங்களை ஒன்றாக ஓட்டினால் அளவு இரட்டிப்பாகாது, 3 டெசிபல் மட்டுமே கூடும். பத்து இயந்திரங்களை ஓட்டினால் 10 கூடும். எங்கள் காதுக்கோ 10 டெசிபல் கூடினால் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் குறையும். இவ்வளவுதான் அடிப்படை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னாலும் செய்து விடும்.

இதை வைத்துக்கொண்டு அறிக்கையை மறுபடி பார்த்தோம். விசிறி ஒன்றின் சத்தம் 10 மீற்றர் தூரத்தில் 60 டெசிபல் என்று எழுதியிருந்தார்கள். அதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். ஆனால் கணக்கில் மூன்று விசிறிகள் மட்டுமே ஓடின. வரைபடத்திலோ கூடத்துக்கு ஐந்தாகப் பத்து விசிறிகள் இருந்தன! மூன்று விசிறிக்கு 10 மீற்றரில் 65, பத்து விசிறிக்கு 70. இந்த ஐந்து டெசிபல் வித்தியாசம் காகிதத்தில் சின்னது.

ஏன் மூன்று என்று பின்னர் விசாரித்தபோது, "சராசரியாக அவ்வளவுதான் ஓடும்" என்றார்கள். சராசரியில் யார் நித்திரை கொள்கிறார்கள்?

பண்ணையில் சத்தம் போடுவது கோழியல்ல

பங்குனி மாதத்தில் சங்கத்துப் பெண்கள் மூவருடன் குருநாகல் பக்கம் போனோம். நாட்டின் பெரிய கோழிப்பண்ணைகள் பல வடமேல் மாகாணத்தில்தான் இருக்கின்றன. பண்ணையைப் பார்ப்பதை விட, பண்ணைக்கு அருகே குடியிருப்பவர்களோடு ஓர் இரவு தங்குவதே எங்கள் நோக்கம். எங்களுடன் வந்த சங்கப் பொருளாளர் அக்கா சரளமாகச் சிங்களம் பேசுவார். அவருடைய உறவுப்பெண் ஒருத்திக்குத் தெரிந்தவரின் வீட்டில் இடம் கிடைத்தது. அந்த வீட்டு அம்மா எங்களுக்குப் பலாக்காய்க் கறியும் சம்பலும் தந்து, "இன்று நல்ல நாளில் வந்திருக்கிறீர்கள், இன்றைக்குக் கோழி பிடிக்கிறார்கள்" என்றார். அது பகிடி என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

புறொய்லர் குஞ்சுகளை ஐந்து ஆறு கிழமைகள் வளர்த்து விற்கிறார்கள். முதற் கிழமைகளில் குஞ்சுக்குச் சூடு தேவை. அப்போது விசிறிகள் அதிகம் ஓடுவதில்லை, பக்கத்து வீட்டாருக்கும் தொந்தரவில்லை. கோழி வளர வளர அதன் உடற்சூடும் கூடுகிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். ஆயிரக்கணக்கான கோழிகள் அடைபட்டிருக்கும் மூடிய கூடத்தில் காற்று ஓடாவிட்டால் சில மணித்தியாலத்துக்குள் எல்லாம் செத்துப் போகும். ஆகவே கடைசிக் கிழமைகளில், வெக்கையான காலத்தில், விசிறிகள் எல்லாமே இரவு பகலாக ஓடுகின்றன. மின்சாரம் நின்றால் உடனே ஜெனரேட்டர் ஓட வேண்டும். 2022 பங்குனியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததல்லவா? அந்த மாதத்தைப் பற்றிப் பேச்செடுத்ததுமே வீட்டு அம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக் காட்டினார்.

இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் பாயில் சரிந்தபோது கேட்டது ஒரு தொடர்ச்சியான உறுமல். பலத்த சத்தம் என்று சொல்ல முடியாது. பேசினால் பேச்சுக் கேட்கும். ஆனால் பேச்சு நின்றதும் அந்த உறுமல் மெல்ல அறைக்குள் வந்து இருந்து கொள்ளும். விசிறிகளில் ஒன்று ஒரு சுருதியிலும் மற்றொன்று சற்று விலகிய சுருதியிலும் ஓடுவதால், சத்தம் அலை போல ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. இந்த மாதிரித் தாழ்ந்த சுருதி ஒலியைச் சாதாரண ஒலிமானி குறைத்தே காட்டும் என்றும், சுவரும் கதவும் அதை இலேசில் தடுக்காது என்றும் தோழி பின்னர் சொன்னாள்.

நடுச்சாமம் கழிந்து ஒன்றரை மணியளவில் லொறிகள் வந்தன. இருட்டில் கோழி அமைதியாக இருக்கும், வெயிலும் இல்லை, எனவே கோழி பிடிப்பது பெரும்பாலும் இரவில்தான். லொறி பின்னால் வரும்போது "பீப், பீப்" என்று எச்சரிக்கை ஒலி. பிளாஸ்டிக் கூடைகளை ஒன்றன் மேல் ஒன்றாக எறியும் சத்தம். பிடிக்கிற பெடியன்கள் தூக்கம் வராமல் இருக்கப் பாட்டுப் போட்டார்கள். அடுத்த அறையில் குழந்தை எழும்பி அழுதது. அதன் தாய் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து கொண்டிருந்தார். காலை ஐந்தரைக்கு அவர் வேலைக்குப் போக வேண்டும். எங்கே வேலை என்று கேட்டேன். அதே பண்ணையில்.

இத்தனைக்கும் நடுவில் கோழியின் சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லை.

கணக்கில் இல்லாத கொட்டில்

எங்களுடன் வந்த மூவரில் ஒருத்தியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வயது முப்பத்திரண்டு, என்னை விட இளையவள், மூன்று பிள்ளைகள். அவளது அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். யுத்தம் முடிந்து மீள்குடியேறியபோது சொந்தக் காணி இல்லாமல், குளத்து மேட்டில் தகரமும் கிடுகுமாக ஒரு கொட்டில் போட்டு இருக்கிறாள். காணிக்குப் பெர்மிற் இல்லை. பெர்மிற் இல்லாததால் நில அளவைப் படத்தில் அந்தக் கொட்டில் இல்லை. படத்தில் இல்லாததால் சத்த அறிக்கையிலும் இல்லை. அறிக்கை சொன்ன 240 மீற்றர் வீடு, றோட்டோரத்துக் கல்வீடு. இவளுடைய கொட்டிலுக்கும் பண்ணைக்கும் இடையில் நாங்கள் கயிறு பிடித்து அளந்த தூரம் 160 மீற்றர்.

இனிக் கணக்கைப் போடுங்கள். பத்து விசிறிக்கு 10 மீற்றரில் 70. இருபதில் 64, நாற்பதில் 58, எண்பதில் 52, நூற்றி அறுபதில் 46. மூன்று விசிறி என்றால் அதே இடத்தில் 41.

சட்டம் என்ன சொல்கிறது? 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996ஆம் ஆண்டில் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வெளியாகின. பிரதேச சபைப் பகுதிகள் குறைந்த சத்தப் பிரதேசங்கள். அங்கே பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் எல்லை. மாநகர, நகர சபைப் பகுதிகளுக்கு 63உம் 50உம். வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், வழிபாட்டுப் புனித இடங்கள் போன்றவற்றைச் சூழ 100 மீற்றர் வரை அமைதி வலயம், அதற்கு 50உம் 45உம். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த விதிகளில் இரவு என்பது மாலை ஆறு மணிக்கே தொடங்கிக் காலை ஆறு மணி வரை நீள்கிறது. பிள்ளைகள் விளக்கு வைத்துப் படிக்கும் நேரமும் சட்டப்படி இரவுதான். இது எனக்கு மிகவும் பிடித்த விடயம்.

ஆக, கல்வீட்டுக்கு எல்லைக்குள் அடங்கும் பண்ணை, கொட்டிலுக்கு எல்லையைத் தாண்டுகிறது. ஒரு டெசிபல்தான். ஆனால் அந்த ஒன்றை எழுத வேண்டுமென்றால் கொட்டிலைப் பற்றி எழுத வேண்டும். கொட்டிலை எழுதினால், அரச காணியில் பெர்மிற் இல்லாமல் இருப்பவள் என்பதையும் எழுத வேண்டி வரும். அதை விடப் பெரிய சிக்கல், பண்ணை வேலைக்கான பட்டியலில் இரண்டாவது பெயர் அவளுடையது.

குருநாகல் போவதற்கு முன்னர் ஒரு நாள், கிணற்றடியில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, சத்தம் கித்தம் எண்டு சொல்லி இந்த வேலையைக் கெடுத்துப் போடாதேங்கோ. நீங்கள் பின்னேரம் பஸ் ஏறிப் போயிடுவியள். எனக்கு மாசம் முடிய கடைக்காரனுக்குச் சொல்ல ஒரு பதில் வேணும்."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அவள் சொன்னதில் பிழை இல்லை. என்னுடைய சம்பளம் மாதா மாதம் வங்கிக்கு வருகிறது. ஊரைப் பாதுகாக்கிறேன் என்று நான் எழுதும் அறிக்கையால் அடுப்பு அணைவது அவளுடையது. வெளியிலிருந்து போகும் எங்களைப் போன்றவர்கள் இதை அடிக்கடி மறந்து விடுகிறோம். அன்றிரவு தோழிக்குத் தொலைபேசி எடுத்து, கொட்டிலைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு விடலாமா என்று கேட்டேன். "உன்னால முடியுமெண்டால் விடு" என்றாள் அவள். அதனால்தான் அவளையும் குருநாகலுக்குக் கூட்டிப் போனேன். முடிவு எதுவானாலும், கேட்டு விட்டு அவளே எடுக்கட்டும் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது அநுராதபுரம் தாண்டும் வரை அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள், "என்ர நடுவிலான் ஜெனரேட்டர் சத்தம் கேட்டால் இப்பவும் கட்டிலுக்குக் கீழ ஓடுவான். அவன் சண்டை முடிஞ்சு பிறந்தவன், அக்கா. என்னைப் பார்த்துப் பழகினது அது." சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்து விட்டு, "என்ர கொட்டிலையும் எழுதுங்கோ. ஆனால் வேலையையும் எழுதுங்கோ" என்றாள்.

தவளைகளும் கச்சானும்

இதற்கிடையில் ஒரு பகிடியும் நடந்தது. தை மாதக் கடைசியில், இரவுச் சத்தத்தை நாங்களே அளப்போம் என்று தோழி ஒலிமானியைக் கொண்டு வந்தாள். கருவியைத் தரம் பார்த்து, தரையிலிருந்து நாலு நாலரை அடி உயரத்தில், சுவர்களுக்குத் தள்ளி, காற்றுப் படாமல் நுனியில் பஞ்சுக் குமிழ் மாட்டி, முறைப்படிதான் வைத்தாள். முதல் நாள்தான் மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரவு இரண்டு மணிக்கு வந்த அளவு 47! விளக்கமறியல் தவளைகள் எல்லாம் விடுதலையானது போல வயல் முழுவதும் ஒரே கச்சேரி. இந்தச் செய்தி எப்படியோ பண்ணைத் தம்பியின் காதுக்கும் போய் விட்டது. "உங்கட ஊர்த் தவளையே சட்டத்தை மீறுது, அதுக்கு யார் அனுமதி குடுத்தது?" என்று கேட்டார். நாங்களும் சிரித்தோம், வேறென்ன செய்வது?

சிரித்து முடிந்த பின்தான் விடயம் விளங்கியது. விசிறிகள் முழு வேகத்தில் ஓடுவது வைகாசியிலிருந்து புரட்டாதி வரையான கச்சான் காலத்தில். அப்போது குளம் வற்றி, வயல் காய்ந்து, தவளை ஒன்றும் இருக்காது. ஊரின் மிக அமைதியான இரவுகளும் பண்ணையின் மிகச் சத்தமான இரவுகளும் ஒரே மாதத்தில் வருகின்றன. கச்சான் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று. பண்ணை இருப்பதும் ஊருக்குத் தென்மேற்கே. காற்று வீசும் திசையில் இருப்பவருக்குச் சத்தம் கூடுதலாகக் கேட்கும். காற்று ஓய்ந்த தெளிந்த இரவுகளிலும் ஆறுதல் இல்லை. நிலம் சீக்கிரம் குளிர்ந்து, மேலே இளஞ்சூடான காற்று மூடி போல இருப்பதால், மேலே போகும் சத்தம் வளைந்து கீழே இறங்குகிறது. தூரத்துக் கோயில் மணி சில இரவுகளில் மட்டும் பக்கத்தில் கேட்பது இதனால்தான்.

ஆகவே ஆவணி மாதத்தில் மறுபடி அளந்தோம். இரவு இரண்டு மணி, அதே இடம், 34 டெசிபல். அறிக்கையின் 51 எங்கே, இந்த 34 எங்கே! பிரித்தானியாவில் இப்படிப்பட்ட மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தும் பீ.எஸ். 4142 என்னும் தரநியமம், இருக்கும் பின்னணிச் சத்தத்தை விடப் புதிய சத்தம் 5 டெசிபல் அளவுக்குக் கூடினால் அதைப் பாதிப்பின் அறிகுறி என்றும், 10 அளவுக்குக் கூடினால் கடும் பாதிப்பின் அறிகுறி என்றும், சூழ்நிலையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. எங்கள் கணக்கில் வித்தியாசம் 12. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டலில் படுக்கையறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்றது. யன்னலைச் சற்றுத் திறந்து வைத்தாலும் சுவர் 15 டெசிபல் அளவு தடுக்கும் என்று எண்ணித்தான் வெளியே 45 என்று வைத்தார்கள். கிடுகுச் சுவர் எத்தனை டெசிபல் தடுக்கும் என்று அந்தக் கணக்கில் இல்லை. வெக்கைக் காலத்தில் எங்கள் பெண்கள் பிள்ளைகளோடு முற்றத்தில் பாய் போட்டுத்தான் படுக்கிறார்கள் என்பதும் இல்லை.

ஒலிமானியோடு நாங்கள் செய்த மற்றொரு வேலையே எனக்குச் சொந்தமான வேலை என்று சொல்வேன். முப்பத்தொரு குடும்பங்களுக்கு ஆளுக்கொரு பயிற்சிக் கொப்பி கொடுத்தோம். இரண்டு கிழமைக்கு, எத்தனை மணிக்கு என்ன சத்தம் கேட்கிறது, அப்போது வீட்டில் யார் யார், யார் எங்கே படுக்கிறார்கள் என்று எழுதச் சொன்னோம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதினார்கள். ஆண்கள் பலர் கூலி வேலைக்கும் மேசன் வேலைக்கும் வெளியூர் போய்க் கிழமைக்கு ஒரு தடவை வருகிறவர்கள். இருபத்துநாலு மணித்தியாலமும் ஊரில் இருப்பவர்கள் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். சத்த அறிக்கை "குடியிருப்பு" என்று ஒரு புள்ளி வைத்து விட்டுப் போகிறது. அந்தப் புள்ளிக்குள் கைக்குழந்தை இருக்கிறதா, இரவில் மூன்று தரம் எழும்பும் நோயாளி இருக்கிறாரா என்று அது கேட்பதில்லை. முதலில் என்னைக் கூப்பிட்ட அம்மாவின் கொப்பியில் பேரன் எழுதியிருந்த ஒரு வரி, "2.10 ஆந்தை. அம்மம்மா முழிப்பு. 3.00 ஒண்டும் இல்லை. அம்மம்மா முழிப்பு."

பேசித் தீர்த்ததும் தீராததும்

கொப்பிகளையும் ஆவணி மாத அளவுகளையும் இணைத்து, பிரதேச செயலகத்தில் இருக்கும் சுற்றாடல் உத்தியோகத்தர் ஊடாகக் கொடுத்தோம். பண்ணை வேண்டாம் என்று நாங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. இதில் ஊருக்குள்ளேயே சிலருக்கு என் மேல் கோபம், மண்டபத்தில் வைத்தே சொன்னார்கள். பண்ணை வேண்டும் என்றவர்களுக்கும் கோபம், தாமதமாகிறது என்று. ஐப்பசியில் எல்லாரையும் இருத்திப் பேசினார்கள். பண்ணைத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று விசிறிக் கணக்கைக் காட்டியபோது அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. அறிக்கை எழுதியவருக்குக் காசு கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று இருந்திருக்கிறார், என்னைப் போலத்தான்.

கூடங்களைத் திருப்பி, விசிறிகள் இருக்கும் பக்கத்தைக் காட்டுப் பக்கமாக வைக்க ஒத்துக்கொண்டார்கள். கட்டடமே இடையில் மறைப்பாக நிற்பதால் ஊர்ப்பக்கம் கேட்கும் சத்தம் நன்றாகக் குறையும் என்று தோழி சொன்னாள். இதற்குச் செலவு அதிகமில்லை, கட்டு முன் திருப்பினால் போதும். கட்டிய பின் என்றால் யாரும் திருப்ப மாட்டார்கள். ஜெனரேட்டர் சீமெந்து அறைக்குள், புகைக்குழாய்க்குச் சத்தம் தணிப்பான் பூட்டி, ஊருக்கு எதிர்ப்பக்க மூலையில். தீன் லொறி பகலில் மட்டும். கோழி பிடிப்பதை முற்றாகப் பகலுக்கு மாற்ற முடியாது என்றார்கள். அது நியாயமும்கூட. பிடிக்கும் நாளை முன்கூட்டியே சங்கத்துக்கு அறிவிப்பது, பாட்டுப் போடாதிருப்பது, லொறி பின்னால் வராமல் சுற்றி வந்து போகும்படி வழி அமைப்பது என்று முடிந்தது. முதல் தொகுதிக் கோழியின் கடைசிக் கிழமையில், இரவில், கொட்டிலடியில் வைத்துச் சத்தத்தை மறுபடி அளக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு முக்கியமான நிபந்தனை. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் என்றென்றைக்குமாகக் கொடுக்கப்படுவதல்ல, காலம் முடியப் புதுப்பிக்க வேண்டும். அளவு எல்லை மீறினால் அந்த நேரத்தில் கேட்க ஓர் இடம் இருக்கிறது.

உங்கள் ஊரில் பண்ணை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் பிரதேச சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். திகதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, வீட்டில் யாருக்கு என்ன நடந்தது என்பதைக் கொப்பியில் எழுதி இணையுங்கள். கையடக்கத் தொலைபேசியில் சத்தம் அளக்கும் செயலிகள் இருக்கின்றன. அவை சாட்சியாகாது, ஆனால் எந்த நேரத்தில் உத்தியோகத்தரை வரச் சொல்லலாம் என்று அறிய உதவும். பகல் பத்தரைக்கு வருகிறேன் என்றால் மரியாதையாக மறுத்து, இரவில் வரக் கேளுங்கள். எதுவும் சரிவராவிட்டால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்குப் போகவும் வழியுண்டு. அது கடைசி வழி. ஓர் ஊருக்குள் இருந்துகொண்டு வழக்குப் பேசுவது பெண்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும்.

கட்டட வேலை 2025இல் தொடங்கியது. கொட்டில்காரத் தங்கைக்கு அங்கேயே சீமெந்து குழைக்கும் வேலை கிடைத்திருக்கிறது. பெர்மிற்றுக்காக நடமாடும் சேவையில் விண்ணப்பம் கொடுத்தோம், இன்னும் பதில் இல்லை. சத்த அறிக்கையின் திருத்திய பிரதியில் அவளுடைய கொட்டில் ஒரு புள்ளியாக வந்திருக்கிறது. அந்தத் தாளைப் பொலித்தீனில் சுற்றி, ரேஷன் காட்டோடு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறாள். இந்த ஊரில் தான் இருக்கிறாள் என்று அரசாங்கக் காகிதம் ஒன்று முதன்முறையாகச் சொல்லியிருக்கிறதாம். போன கிழமை போனபோது, விசிறி பூட்டி முடிந்ததும் ஒலிமானியை எந்தத் திகதிக்குக் கொண்டு வருவேன் என்று கேட்டாள். குஞ்சு இறக்கிய நாளிலிருந்து ஐந்தாவது கிழமை என்று சொல்லி, கலண்டரில் குறிக்க அவளிடமே பேனையைக் கொடுத்தேன்.